பின்னால் வந்த வண்டி

டவுன் பஸ் கிளம்பி, மேல் கம்பியைப் பிடித்திருந்த கை ஒரு குலுங்கு குலுங்கி நின்ற பிறகும் சண்முகக்கனியின் கண்ணில் அந்த வெறும் இடம்தான் நின்றது. டிராக்டர் இருந்தது. டிராக்டருக்குப் பின்னால் ராட்டினத்தின் இரும்புக் கம்பிகளையும் தொட்டில்களையும் ஏற்றிய முதல் டிரெய்லர் இருந்தது. அதற்கும் பின்னால் ரங்கராட்டினக் குதிரைகளையும் மோட்டாரையும் சுமந்துகொண்டு இரண்டாவது டிரெய்லர் இருக்க வேண்டும். அதன் தார்ப்பாயின் மேல் துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு அவள் புருஷன் தவசிக்கண்ணு படுத்திருக்க வேண்டும். அங்கே ரோடு இருந்தது. வெயிலில் பளபளவென்று, ஒன்றுமே நடக்காதது மாதிரி ரோடு மட்டும் இருந்தது. அருப்புக்கோட்டைக்குச் சற்று முன்னால் டீ குடிக்கலாம் என்று நிறுத்தியவன் லிங்கம்தான். தவசிக்கண்ணுவின் சித்தப்பா மகன், டிராக்டர் ஓட்டுகிறவன். அண்ணனை எழுப்பிவிட்டு வருகிறேன் என்று பின்னால் போனவன் வந்து அவள் பக்கத்தில் நின்றான். டீக் கிளாஸை வாங்கவில்லை. "மதினி, அண்ணன் எங்கயும் எறங்கிக்கிட்டாகளா?" என்றான். இறங்கினால் ஆள் இறங்கலாம், வண்டி எப்படி இறங்கும் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, மடியில் வைத்திருந்த பையைக் கீழே போட்டுவிட்டு, முதல் டிரெய்லரின் ஓரமாக நடந்து பின்பக்கம் போய்ப் பார்த்தாள். கொக்கி தொங்கிக்கொண்டிருந்தது. அது இன்னும் மெல்ல ஆடியதா, அல்லது அவள் கண்தான் ஆடியதா? கையை நீட்டி அந்த இடத்தைத் தொடப்போனாள். தொட என்ன இருக்கிறது? காற்றைத் தடவிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

டிராக்டரைத் திருப்ப அங்கே வழியில்லை. நாலுவழிச் சாலையில் நடுவே திட்டு, திட்டு நெடுக அரளிச்செடி. இன்னும் கொஞ்ச தூரம் போய் வெட்டு வருகிற இடத்தில்தான் திரும்ப முடியும் என்று லிங்கம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எதிர்ப்பக்கம் பந்தல்குடிக்குப் போகிற பஸ் வந்து நின்றது. அரளியைப் பிளந்துகொண்டு அவள் ஓடினாள். "நா திருப்பிக்கிட்டுப் பின்னாலயே வந்துருதேன் மதினி" என்று அவன் கத்தியது கேட்டது. இப்போது கண்டக்டர் வந்து நிற்கிறார். "எங்கம்மா எறங்கணும்?" எங்கே இறங்க வேண்டும் என்று தெரிந்தால் அவள் ஏன் இப்படி நிற்கிறாள். எங்கே அறுந்ததோ அங்கே. எங்கே அவர் கிடக்கிறாரோ அங்கே. "பந்தல்குடி" என்றாள். குரல் வேறு யாருடையதோ போல வந்தது. கண்டக்டர் ரோஸ் நிறச் சீட்டைக் கிழித்துக் கையில் திணித்துவிட்டுப் போனார். ஜன்னலோரம் கனகாம்பரக் கூடையை மடியில் வைத்திருந்த ஒரு பெண், "உக்காருங்கக்கா, எதுக்கு நிக்கிறீங்க" என்று நகர்ந்து இடம் கொடுத்தாள். சண்முகக்கனிக்கு ஜன்னல் வேண்டும். ஆனால் அந்த ஜன்னல் இல்லை, வலப்பக்க ஜன்னல். அந்தப் பக்கத்து ரோட்டில்தானே அவர்கள் வந்தார்கள். உட்காராமல் நின்றபடி, குனிந்து, ஒரு கிழவரின் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அரளி. சிவப்பு அரளி, மஞ்சள் அரளி, இடையில் விழுகிற இடைவெளியில் ஒரு துண்டு ரோடு, ஒரு லாரியின் பாதி, மறுபடியும் அரளி. இந்தச் செடியை எவன் இங்கே நட்டான்? அவருக்குப் போன் போடலாம் என்று கை தானாக இடுப்புக்குப் போனது. இடுப்பில் இருப்பதே அவருடைய போன்தான். மேலே படுத்தால் நழுவி விழுந்துவிடும் என்று காலையில் அவரேதான் கொடுத்திருந்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு அதிலிருந்தே அவரைக் கூப்பிட நினைத்திருக்கிறாள். திரையில் குலசேகரன்பட்டினத்துக் கடற்கரையில் எடுத்த படம். பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். பார்க்க முடியாமல் கவிழ்த்துக்கொண்டாள்.

ஒரு இடத்தில் வண்டி இலகுவானது. அதுதான் இப்போது திரும்பத் திரும்ப வந்தது. டிராக்டரின் மட்கார்டு மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். ஒரு பாலம் ஏறினார்கள். ஏறும்போது இன்ஜின் முக்கியது, புகை கறுப்பாகக் கக்கியது, லிங்கம் கியரைக் குறைத்துக் குறைத்து இழுத்தான். உச்சிக்கு வந்து இறங்கும்போது பின்னாலிருந்து யாரோ தள்ளுகிற மாதிரி ஒரு நெட்டு நெட்டியது. அவள் உடம்பு முன்னால் சாய்ந்தது. அப்புறம் அந்த நெட்டு இல்லை. டிராக்டர் பூப்போலப் போனது. முகத்தில் காற்று அடித்தது. காலையிலிருந்து இருந்த தலைவலிகூட விட்டமாதிரி இருந்தது. "இப்பதான் வண்டி நல்லாப் போகுது லிங்கம்" என்று அவள் சொன்னாள். சொன்னாளே. அவனும் சிரித்துக்கொண்டு, "இறக்கம்லா மதினி" என்றான். அந்த நேரத்தில்தான். அந்தச் சிரிப்பு, அந்தக் காற்று, அந்தச் சொல். எல்லாம் அவர் விழுந்துகொண்டிருந்த நேரம். ஒரு சத்தம் கேட்டிருக்க வேண்டாமா? இத்தனை குதிரை, இத்தனை இரும்பு, ஒரு மனுஷன், எல்லாம் அறுந்து போகும்போது ஒரு சத்தம்கூடவா வராது. வராது என்றுதான் அந்த பிரேக் இன்ஸ்பெக்டர் சொன்னார். "ஒன்னு கழண்டு போச்சுன்னா ஓட்டுறவனுக்குச் சத்தம்கூடக் கேக்காதும்மா" என்றார். எட்டயபுரம் தாண்டி, ஜீப்பை ஓரம் கட்டி நின்றவர். வயது குறைவுதான், முகத்தில் கடுப்பு இல்லை. அதனால்தான் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. கத்தியிருந்தால் பயந்திருப்பார்கள். அவர் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்வதுபோலச் சொன்னார். ஒரு டிராக்டருக்குப் பதிவு ஆகியிருப்பது ஒரு டிரெய்லர். பின்னால் இருப்பதற்கு நம்பர் எங்கே, விளக்கு எங்கே, பேப்பர் எங்கே? பிரேக் இருப்பது இன்ஜினில் மட்டும்தான், மற்ற இரண்டும் தள்ளிக்கொண்டே வரும், நேர் ரோட்டில் தெரியாது, இறக்கத்தில் தெரியும். "சரக்கு வண்டி மேல ஆளு எதுக்குப் படுத்திருக்காரு? எறங்கச் சொல்லுங்க. வண்டி உங்க பேர்லதானம்மா இருக்கு? ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் முன் வண்டிக்கே ஒத்துக்க மாட்டான். பின் வண்டிக்கு நீங்கதான் பதில் சொல்லணும்." சரிங்க சார் என்றார்கள். மூன்று பேரும் ஒரே குரலில் சரிங்க சார் என்றார்கள். பின் வண்டியைக் கழற்றி, எடைமேடைக்குப் பக்கத்திலிருந்த காலியிடத்தில் தள்ளி நிறுத்தினார்கள். அவர் பார்த்துக்கொண்டே நின்று, தலையை ஆட்டிவிட்டு, ஜீப்பில் ஏறிப் போனார்.

ஜீப் கண்ணுக்கு மறைகிற வரைக்கும்கூட அவர்கள் காத்திருக்கவில்லை. "முன்னத கொண்டுபோய்ப் போட்டுட்டு இன்னொரு நடை வந்து இத எடுத்துக்கிடலாம்லா" என்று அவள்தான் சொன்னாள். சொன்னாளா? சொன்னதுபோலத்தான் இருக்கிறது. இப்போது அப்படி நினைத்துக்கொள்கிறாளோ என்னவோ. திருப்பாச்சேத்திப் பக்கம் ஓர் ஊரில் பொங்கல் நாளைக்கு. சாயங்காலத்துக்குள் போய் இடத்தில் கம்பை ஊன்றவில்லை என்றால் வேறு ராட்டினக்காரனுக்கு இடத்தைக் கொடுத்துவிடுவோம் என்று கோயில் கமிட்டியில் சொல்லியிருந்தார்கள். இன்னொரு நடைக்கு நேரம் இல்லை. "நேத்துப் பொறந்த பய நமக்குச் சட்டம் சொல்லுதான்" என்று சிரித்துக்கொண்டே அவர் இரண்டு வண்டியையும் கோக்கிற இரும்புப் பின்னை எடுத்துக் கொக்கியில் சொருகினார். பின் மேலே எழும்பாமல் இருக்க அடியில் ஒரு கிளிப் மாட்ட வேண்டும். கிளிப்பைக் காணோம். கழற்றும்போது மண்ணில் விழுந்திருக்கும், மூவரும் காலால் தேய்த்துப் பார்த்தார்கள். "கட்டுக்கம்பி எடு" என்றார். அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். அவர் இரண்டு சுற்றுச் சுற்றி, கொறடால் முறுக்கி, காலால் ஓர் உதை உதைத்து, "இது போதும்" என்றார். கூடவே ஒரு சங்கிலி போடுவார்கள், அந்தப் பின் கழன்று போனாலும் சங்கிலி இழுத்துப் பிடிக்கட்டும் என்று. அந்தச் சங்கிலி மோட்டாரைக் கட்டப் போயிருந்தது. அதுவும் அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் மட்கார்டில் ஏறி உட்கார்ந்தாள். இத்தனைக்கும் ராட்டினம் சுற்றும்போது எந்தப் பிள்ளையையும் கொண்டி போடாமல் அவள் விட்டதில்லை. ஒவ்வொரு தொட்டிலாகப் போய், கொண்டியைப் பிடித்து இழுத்துப் பார்த்து, இழுத்துப் பார்த்து, கடைசித் தொட்டில் வந்த பிறகுதான் மோட்டாரைப் போடச் சொல்லுவாள். "ராட்டினம் நல்லதுதான், அந்தம்மா படுத்துற பாடுதான் தாங்கல" என்று பெற்றவர்களே சொல்லிச் சிரிப்பார்கள். ஊரான் பிள்ளைக்கு இழுத்துப் பார்த்த கை, கட்டிய புருஷன் ஏறிப் படுத்த வண்டிக்கு ஏன் இழுத்துப் பார்க்கவில்லை. ஒரு தரம் இழுத்திருந்தால் தெரிந்திருக்கும். கம்பி வளைந்திருக்கும். கம்பிதானே.

பஸ் நின்றது. ஏன் நிற்கிறது? யாரோ ஒரு பெண் ஆட்டுக்கு வைக்கிற புண்ணாக்கு மூட்டையோடு ஏறினாள். மூட்டையை உள்ளே தள்ள ஒருவர் கைகொடுத்தார். டிரைவர் கதவு வழியாக எட்டி யாரிடமோ, "மச்சான், மோட்டார் ரிப்பேர் ஆயிருச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மோட்டார். மோட்டாருக்குப் பக்கத்தில்தான் அவர் கால் நீட்டிப் படுப்பார். வண்டி குடைசாய்ந்தால் மோட்டார் எந்தப் பக்கம் போகும்? வலப்பக்கம். வலப்பக்கம்தானே கட்டியிருந்தது. அவர் தலை இடப்பக்கம். தலை இடப்பக்கம் என்றால் கால் வலப்பக்கம். கால் போனால் போகட்டும். கால் போனால் உட்கார்ந்தே சீட்டுக் கிழித்துக் கொடுக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன். கால் போகட்டும் என்றா நினைக்கிறோம்? வாயை முந்தானையால் அழுத்திக்கொண்டாள். கனகாம்பரக்காரி நிமிர்ந்து பார்த்தாள். "மயக்கமா வருதாக்கா? காலையில சாப்பிட்டீங்களா?" சாப்பிட்டாள். இட்லி சாப்பிட்டாள். அவர் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து அவள் தட்டில் வைத்தார். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டாள். "ஒன்னுமில்ல" என்றாள். ஒன்றுமில்லை என்று எப்படி வாய் சொல்கிறது. இந்த பஸ்ஸை நிறுத்தி, எல்லோரையும் பார்த்து, என் புருஷன் இந்த ரோட்டில் எங்கேயோ விழுந்து கிடக்கிறார், எல்லோரும் வலப்பக்கம் பாருங்கள் என்று சொன்னால் ஆளுக்கு ஒரு ஜன்னலில் பார்ப்பார்கள். சீக்கிரம் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் சொன்னால் கேட்பார்கள். எப்படி விழுந்தார் என்பார்கள். இரண்டு வண்டியா, இரண்டு வண்டி கட்டலாமா என்பார்கள். யார் கட்டியது என்பார்கள். சொல்லாமல் இருந்தால் இன்னும் நடக்காதது மாதிரி இருக்கிறது. சொல்லிவிட்டால் நடந்துவிடும். அவள் வெளியே பார்த்தாள். அரளி, ஒரு மைல்கல், அரளி, செத்துக் கிடந்த நாய். நாய்தானா என்று மறுபடி பார்க்க உடம்பைத் திருப்பினாள், பஸ் தாண்டிவிட்டது. அவருடைய துண்டு பழுப்பு நிறம். நாயும் பழுப்பு. துண்டு அவ்வளவு பெரிசு இருக்காது. நாய்தான். மூச்சு வந்தது. கொஞ்ச தூரம் போனதும் அது துண்டாக இருக்குமோ என்று மறுபடியும் வந்தது. இறங்கிப் பின்னால் ஓடலாமா? நாய்க்குக் கால் இருந்தது. பார்த்தாளே, கால் விறைத்து மேலே தூக்கியிருந்தது. துண்டுக்குக் கால் கிடையாது. இதைக்கூட ஒன்றுக்கு இரண்டு தரம் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஒருவேளை அவர் விழவில்லை. ஒருவேளை வண்டி தானாக மெதுவாக நின்று, இவர் தூங்கி எழுந்து, முன்னால் டிராக்டர் இல்லை என்று பார்த்து, தார்ப்பாயில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருப்பார். அப்படி இருந்தால் என்ன சொல்லுவார்? "எங்கட்டி என்ன விட்டுட்டுப் போன?" என்பார். அதைச் சொல்லும்போது அவர் புருவம் எப்படித் தூக்கும் என்றுகூட அவளுக்குத் தெரிந்தது. அந்தப் புருவத்தை அவள் பிடித்துக்கொண்டாள். அதை விட்டுவிட்டால் வேறு படங்கள் வருகின்றன. கல்யாணமாகி வந்த புதிதில் ராட்டினத்துக்கு மோட்டார் கிடையாது, அவரும் லிங்கத்தின் அப்பாவும் கம்பியில் ஏறித் தொங்கிக் கையாலும் காலாலும் சுற்றுவார்கள். உச்சியிலிருந்து ஒரு தொட்டிலைப் பிடித்துக்கொண்டு அவர் இறங்கும்போது ஒவ்வொரு தடவையும் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். ஒருநாளும் விழவில்லை. அவ்வளவு உயரத்திலிருந்து விழாதவர் இவ்வளவு தாழ்விலிருந்தா விழுவார். டிரெய்லர் என்ன உயரம்? ஆள் உயரம். அதன்மேல் குதிரை. குதிரைமேல் தார்ப்பாய். வேகம்தான். உயரம் இல்லை, வேகம். பின்னால் லாரி வந்திருந்தால்? பின்னால் லாரி வராமலா இருக்கும். இந்த ரோட்டில் லாரி வராத நேரம் எது. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் ஏன் அந்த ஜீப்பை எடுத்துக்கொண்டு போனார்? வண்டியைப் பிடித்து ஸ்டேஷனில் போட்டிருக்கலாமே. சாவியைப் பிடுங்கியிருக்கலாமே. நல்லவராக இருக்கிறேன் என்று விட்டுவிட்டுப் போனாரே. அவர்மேல் அவளுக்குக் கோபம் பொங்கியது. பொங்கிய வேகத்திலேயே வடிந்தது. அவர் சொன்னதைக் கேட்டு மூன்று பேரும் சரிங்க சார் என்றார்களே, அந்தக் குரல் இப்போது காதுக்குள் கூசியது.

அப்போது அரளியின் இடைவெளியில், எதிர்க் கரை விளிம்பில், ஒரு குதிரைத் தலை தெரிந்தது. வெள்ளைத் தலை, சிவப்புக் கடிவாளம். போன தையில் அவளே பெயிண்ட் அடித்தது. வானத்தைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அதற்கு அப்பால் தலைகள், மனிதர்களின் தலைகள், ஒரு கூட்டம். "நிறுத்துங்க" என்றாள். சத்தம் வரவில்லை. இரண்டாம் முறை வந்தது. "இங்க ஸ்டாப் இல்லம்மா" என்று சொல்லிக்கொண்டே வந்த கண்டக்டர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விசிலை ஊதினார். பஸ்ஸில் எல்லோரும் வலப்பக்கம் எட்டிப் பார்த்தார்கள். "ஆக்ஸிடென்ட்டு போலயே" என்றார் ஒருவர். படியிலிருந்து அவள் குதித்தாள். செருப்பு ஒன்று கழன்றது, எடுக்கவில்லை. அரளியின் கிளை முகத்தில் அடித்தது. எதிர்ப்பக்க ரோட்டில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றிருந்தன. பாலத்து இறக்கம். அதே இறக்கம். டிரெய்லர் ரோட்டை விட்டு விலகி, கரையில் இறங்கி, கீழே சர்வீஸ் ரோட்டில் போய் ஒருக்களித்துச் சாய்ந்திருந்தது. குதிரைகள் சிதறிக் கிடந்தன, சிலது காலை மடக்கி, சிலது கவிழ்ந்து. கரையில் உட்கார்ந்து சறுக்கிக்கொண்டே இறங்கினாள். கூட்டத்தின் முதுகுதான் தெரிந்தது. முதுகுகளுக்கு நடுவில் எதையோ எல்லோரும் குனிந்து பார்க்கிறார்கள். அதைப் பார்க்க வேண்டாம் என்றது உடம்பு. கால் போய்க்கொண்டே இருந்தது.

கூட்டத்துக்கு வெளியே, வேலமரத்து நிழலில், முழங்கையில் ரத்தம் கசிய, சட்டை முதுகில் கிழிந்து, மண் அப்பிய தலையோடு அவர் நின்றுகொண்டிருந்தார். நின்றுகொண்டிருந்தார். சண்முகக்கனி அப்படியே நின்றாள். அவருடைய கால் இரண்டையும் பார்த்தாள். தலையைப் பார்த்தாள். அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு, வாய்விட்டு, பல் எல்லாம் தெரிய, கண்ணில் தண்ணீர் வழிய, சத்தமாகச் சிரித்தாள். கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் திரும்பினார்கள். அவர்கள் திரும்பியதால் ஏற்பட்ட இடைவெளியில் அவள் பார்வை போனது. சாய்ந்த டிரெய்லரின் பக்கப் பலகைக்கு அடியில் ஒரு மனிதர் மல்லாந்து கிடந்தார். இடுப்புக்குக் கீழே ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே. பக்கத்தில் ஒரு மொபெட் மடங்கிக் கிடந்தது, சாக்கு பிரிந்து சீனியவரைக்காய் ரோடு முழுக்க இறைந்து கிடந்தது. அவர் கண் திறந்திருந்தது. அவள் சிரிப்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு அவள் வாயிலேயே நின்றது. உதடுகளை மூடத் தெரியவில்லை. அத்தனை தூரம் வந்தாளே, லாரியை நினைத்தாள், காலை நினைத்தாள், நாயைக்கூட நினைத்தாள், இந்த ரோட்டில் வேறு யாராவது இருந்திருப்பார்கள் என்று ஒரு தடவைகூட அவளுக்குத் தோன்றவே இல்லை.

"ஏட்டி" என்று பக்கத்தில் குரல் கேட்டது. தவசிக்கண்ணு எப்போது வந்தார் என்று தெரியவில்லை. அவளைப் பார்க்காமல், கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே உதட்டை அசைக்காமல் பேசினார். "எங்கூடப் பேசுத மாதிரி நிக்காத. நா மண்ணுல போய் விழுந்துட்டேன், ஒருத்தரும் பாக்கல. நானும் வேடிக்கை பாக்க வந்தவன்னு நெனச்சிருக்காங்க. நீ மேல ஏறிப் போயிரு. லிங்கத்த வர வேண்டாம்னு சொல்லு, அப்படியே ஊரப் பாத்துப் போகட்டும். இந்த வண்டிக்கு நம்பரே கெடையாது. யாருதுன்னு எவனுக்கும் தெரியாது." அவர் குரல் நடுங்கியது. பல் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டிருந்தது. இருபது வருஷம் கூட வாழ்ந்த மனுஷன் இப்படி ஒரு குரலில் பேசி அவள் கேட்டதே இல்லை. நம்பர் கிடையாது. ஆமாம், கிடையாது. கரும்பு ஏற்றுகிற ஒருவரிடமிருந்து வாங்கினது, பேப்பர் இல்லை, பழைய பெயரும் அழிந்துவிட்டது. மேலே ரோட்டில் வண்டிகள் நகர ஆரம்பித்திருந்தன, ஏதாவது ஒன்றில் ஏறினால் போய்விடலாம். போய்விடலாம் என்று அவளுக்கே தோன்றியது. அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அவளுக்கும் தோன்றியது. கால் ஓர் எட்டு பின்னால்கூட வைத்தது. அப்போது கூட்டத்தில் பனியன் போட்ட ஒருவர், "ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள நாமளே தூக்கிருவோம்ப்பா. எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க. ஒரே தம்முல நிமித்திருவோம்" என்றார். ஏழெட்டுப் பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பலகையில் கைவைத்தார்கள். கீழே கிடந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"அங்க கை வைக்காதீங்க" என்றாள் சண்முகக்கனி. யாருக்கும் கேட்கவில்லை. அவள் ஆட்களை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். "அண்ணாச்சி, கைய எடுங்க. குதிரைக்கு அடியில மோட்டார் இருக்கு. ஒத்தச் சங்கிலிலதான் நிக்குது. இப்படி நெம்புனா சங்கிலி அத்து அவுக மேலயே வந்து விழுந்துரும்." பனியன்காரர் கையை எடுக்காமலே திரும்பிப் பார்த்தார். "உனக்கெப்படிம்மா தெரியும்?" அவளுக்குப் பின்னால் தவசிக்கண்ணு மூச்சை இழுத்துப் பிடித்தது அவள் காதுக்குக் கேட்டதுபோல இருந்தது. கேட்டிருக்க முடியாது. "எங்க வண்டி" என்றாள். "இது எங்க வண்டி. டிராக்டர் முன் வண்டியோட வந்துக்கிட்டு இருக்கு. அதுல ஜாக்கி இருக்கு, கயிறு இருக்கு. மோட்டார மொதல்ல இழுத்துக் கட்டணும்." பலகையில் இருந்த கைகள் விலகின. அப்புறம் ஒருவன், "எங்க போயிருந்தீங்க இவ்வளவு நேரம்? ரெண்டு வண்டிய கோத்துக்கிட்டு ரயிலா ஓட்டுறீங்க?" என்று அவள் தோளைப் பிடித்துத் தள்ளினான். தள்ளின வேகத்தில் சீனியவரையில் வழுக்கி விழுந்தாள். எழுந்திருக்கவில்லை, அங்கேயே, அந்த மனிதரின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அடுத்த அடி விழும் என்று குனிந்துகொண்டாள். விழவில்லை. நிமிர்ந்தபோது தவசிக்கண்ணு நடுவில் நின்று அந்த ஆளின் கையைப் பிடித்திருந்தார். "அவள ஒன்னும் பண்ணாதீங்க. கம்பி கட்டுனது நான்தான்" என்றார். சொல்லிவிட்டு, யாரையும் பார்க்காமல், குதிரைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அப்பால் வைத்து மோட்டாரின் சங்கிலியைத் தேட ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த பனியன்காரரும் ஒரு குதிரையைத் தூக்கினார்.

லிங்கம் வந்தான். டிராக்டரின் சத்தம் கரைமேல் கேட்டதும் ஆட்கள் ஓடிப்போய் ஜாக்கியையும் கயிற்றையும் வாங்கி வந்தார்கள். மோட்டாரை வேலமரத்தோடு இழுத்துக் கட்டி, ஜாக்கி போட்டுப் பலகையை மெல்ல மெல்ல உயர்த்தி, அடியில் கல்லை அண்டக் கொடுத்து, அந்தக் காலை வெளியே எடுத்தார்கள். சண்முகக்கனி காலைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, முந்தானையால் நெற்றியில் இருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் பேர் குருவையா. சர்வீஸ் ரோட்டில் நின்று சாக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாராம். "குதுர வந்துச்சு" என்றார் மெதுவாக. "திரும்பிப் பாக்குறேன், குதுரயா வருது." அதையே மறுபடியும் சொன்னார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள், அவ்வளவு சின்னச் சொல்லை இந்த இடத்தில் எப்படி வைப்பது என்று வாயை மூடிக்கொண்டாள். ஆம்புலன்ஸ் வந்தது, அதற்குப் பின்னாலேயே போலீஸும் வந்தது. போலீஸ்காரர் ஒருவர் தவசிக்கண்ணுவையும் லிங்கத்தையும் ஓரமாக அழைத்துப் போய் நிறுத்தினார். ஆம்புலன்ஸில் வந்தவர் ஊசி போட்டு, காலைப் பலகை வைத்துக் கட்டி, "உயிருக்குப் பயம் இல்ல, காலைப் பெரியாஸ்பத்திரியில பாத்துத்தான் சொல்லணும்" என்றார். "கூட யாரு வர்றீங்க?" என்று கேட்டார். கூட்டம் ஓரெட்டுப் பின்வாங்கியது. சண்முகக்கனி ஒற்றைச் செருப்பையும் உதறிவிட்டு ஏறினாள். "ஏட்டி" என்று தவசிக்கண்ணு கூப்பிட்டார். அவள் திரும்பிப் பார்த்தாள்.

கதவைச் சாத்தினார்கள். வண்டி கிளம்பியதும், எதிரில் உட்கார்ந்தவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "நீங்க இவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகக் கேட்ட கேள்விதான். "இவுக மேல விழுந்தது எங்க வண்டி" என்றாள். அவர் கழற்றின கையுறையோடு அவளையே பார்த்தார். பிறகு குனிந்து நோயாளியின் நாடியைப் பிடித்தார். குருவையா கண்ணைத் திறக்காமல் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். "வீட்டுல… வீட்டுல சொல்லணும். செல்லு எடுங்க. மொதல்ல இருக்கிற நம்பர்தான்." கண்ணாடி நொறுங்கியிருந்தாலும் அந்தப் போன் வேலை செய்தது. சண்முகக்கனியின் விரல் இரண்டு தடவை வேறு எதையோ அழுத்தியது. மூன்றாவது தடவை மணி போனது. அந்தப் பக்கம் எடுத்ததும் மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது, அது நின்றது. "காய் குடுத்துட்டீங்களா? மத்தியானத்துக்கு வந்துருவீங்கள்ல?" என்றது ஒரு பெண் குரல். ஆம்புலன்ஸின் சத்தம் மேலே அலறிக்கொண்டிருந்தது, அது போனுக்குள்ளும் போயிருக்க வேண்டும். "அது என்ன சத்தம்? ஹலோ. யாரு பேசுறது?" என்றது குரல். எதிரில் இருந்தவர், வாங்கிக்கொள்கிறேன் என்பதுபோலக் கையை நீட்டினார். சண்முகக்கனி தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். போனை இன்னும் இறுக்கிக் காதோடு வைத்துக்கொண்டு, தன் பெயரைச் சொன்னாள்.